சிலிண்டரா, இண்டக்‌ஷனா, குழாய் கேஸா, விறகா? உங்கள் வீட்டுக்கான கணக்கு

கேஸ் விலை ஏறினால் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கத் தோன்றும். அடுத்த கரண்ட் பில் வந்ததும் கேஸே தேவலை என்று தோன்றும். இரண்டு எண்ணமும் சில வீடுகளுக்குச் சரி, சில வீடுகளுக்குத் தப்பு. தமிழ்நாட்டில் எது லாபம் என்பது பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைப் பொறுத்தது: உங்கள் வீட்டு மின்மீட்டரின் இரண்டு மாத ரீடிங் எத்தனை யூனிட்டில் முடிகிறது?

முதலில் விலையின் போக்கு. சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 2022 மே மாதம் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. 2023 மார்ச்சில் 1,118.50 வரை போனது. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்து 818.50 ஆனது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868.50 ஆனது. நாட்டுக்குத் தேவையான எல்.பி.ஜி.யில் பாதிக்கு மேல் இறக்குமதி. சவுதி அரேபியாவின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் விலையும் டாலர் மதிப்பும் சேர்ந்து இதை ஆட்டிவைக்கின்றன. அதனால் இன்று போட்ட கணக்கு அடுத்த வருடம் செல்லாமல் போகலாம். கீழே உள்ள கணக்குகள் 868.50 என்ற விலையை வைத்தவை. உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் மாற்றிப் போடும் வழியும் உண்டு.

## எதை வைத்து ஒப்பிடுவது

சிலிண்டர் விலையையும் யூனிட் விலையையும் நேருக்கு நேர் வைத்தால் ஒன்றும் விளங்காது. பாத்திரத்துக்குள் போய்ச் சேரும் சூட்டுக்கு என்ன செலவு என்பதே முதல் அளவுகோல். அடுத்தது அடுப்பு, பாத்திரம், ஒயரிங், வைப்புத்தொகை என்று ஆரம்பத்தில் இறங்கும் பணமும், அவை எத்தனை வருடம் உழைக்கும் என்பதும். மூன்றாவது, தோசையும் சப்பாத்தியும் அப்பளமும் அந்த அடுப்பில் ஒழுங்காக வருமா என்பது. கடைசியாக, கரண்ட் போனாலோ சிலிண்டர் தீர்ந்தாலோ அன்றைய சமையலுக்கு என்ன வழி?

## அடிப்படைக் கணக்கு: ஒரு சிலிண்டர் என்பது சுமார் 135 யூனிட்

14.2 கிலோ எல்.பி.ஜி. முழுக்க எரிந்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 181 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் அத்தனையும் குழம்புக்குள் போவதில்லை. வீட்டு கேஸ் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. தரம் குறைந்தது 68 சதவீத வெப்பத்திறன் கேட்கிறது. அது ஆய்வுக்கூடத்து அளவு. ஜன்னல் காற்று, சின்னப் பாத்திரத்தைத் தாண்டி எரியும் தீ, பாதி அடைத்த பர்னர் எல்லாம் சேர்ந்தால் வீட்டில் 60 சதவீதம் கிடைப்பதே நல்ல கணக்கு. ஆக, பயன்படும் சூடு 109 யூனிட் அளவு.

இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடிப்பகுதியே சூடாவதால் 80 முதல் 85 சதவீதம் வரை உள்ளே போகிறது. அதே 109 யூனிட் சூட்டுக்கு மீட்டரில் 130 முதல் 135 யூனிட் ஓடும். இனி வாய்ப்பாடு எளிது: சிலிண்டர் விலையை 135-ஆல் வகுங்கள். 868.50 என்றால் விடை 6.43. கூடுதலாகச் செலவாகும் யூனிட் இந்த விலைக்குக் கீழே கிடைத்தால் இண்டக்‌ஷன் லாபம், மேலே போனால் கேஸ் லாபம். சிலிண்டர் 1,000 ரூபாய் ஆனால் எல்லை 7.40-க்கு நகரும்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, 'எங்களுக்கு யூனிட் மூன்று ரூபாய்தான் விழுகிறது' என்பார்கள். இண்டக்‌ஷனுக்கு அந்தச் சராசரி உதவாது. புதிதாகச் சேரும் யூனிட்கள் எல்லாம் உச்சியில்தான் போய் உட்காரும், அங்கே என்ன ரேட் என்று பாருங்கள். 2024 ஜூலை உயர்வுக்குப் பிந்தைய வீட்டு மின்கட்டணத்தை வைத்துப் பார்த்தால்:

| இரண்டு மாத யூனிட் | ஒரு யூனிட்டுக்குச் சுமார் (ரூ.) | 868.50 சிலிண்டரோடு ஒப்பிட்டால் |
|---|---|---|
| 1–100 | இலவசம் | இண்டக்‌ஷன் |
| 101–200 | 2.35 | இண்டக்‌ஷன், பெரிய வித்தியாசம் |
| 201–400 | 4.75 | இண்டக்‌ஷன் |
| 401–500 | 6.40 | இரண்டும் ஒன்றுதான் |
| 501–600 | 8.50 | கேஸ் |
| 601–800 | 9.50 | கேஸ் |
| 800-க்கு மேல் | 10-ஐத் தாண்டும் | கேஸ் |

இந்த அட்டவணைக்குள் ஒரு பள்ளம் ஒளிந்திருக்கிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101–200 பகுதிக்கான பாதி விலைச் சலுகை போய்விடும். 501-வது யூனிட் உங்கள் பில்லில் சுமார் 235 ரூபாயைக் கூட்டிவிட்டுத்தான் ஓடும்.

நாலு பேர் வீட்டில் ஒரு சிலிண்டர் 45 நாள் வருகிறது என்று வைப்போம். இரண்டு மாதத்துக்கு ஒன்றேகாலுக்குச் சற்று மேல், அதாவது 1.33 சிலிண்டர், 1,158 ரூபாய். முழுச் சமையலையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 180 யூனிட் கூடும்.

ஏ.சி. இல்லாமல் 220 யூனிட்டில் முடியும் வீடு 400-க்குப் போகும். கூடுதல் பில் 855 ரூபாய், மிச்சம் 300. வெறும் 120 யூனிட் ஓடும் சின்னக் குடித்தனத்துக்கு மிச்சம் 500 ரூபாயை ஒட்டி வரும்.

ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடு 630-க்குப் போகும். 401–500 பகுதியில் 50 யூனிட், அடுத்ததில் 100, அதற்கடுத்ததில் 30, போன சலுகை 235, எல்லாம் கூட்டினால் 1,690 ரூபாய். கேஸை நிறுத்தியதில் கைக்காசு 530 ரூபாய் போச்சு. இதே வீடு காலை காபி, பால், வெந்நீருக்கு மட்டும் 45 யூனிட் செலவழித்து 495-ல் நின்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

## சிலிண்டர்

500 யூனிட்டை ஒட்டியோ தாண்டியோ இருக்கும் வீடுகளுக்கு இன்றைக்கும் இதுதான் மலிவு. உஜ்வலா (ஏழைக் குடும்பப் பெண்களுக்கான மத்திய அரசின் கேஸ் திட்டம்) இணைப்பு உள்ளவர்களுக்கு இன்னும் தெளிவு. 2025–26-க்கு ஆண்டுக்கு 9 சிலிண்டர் வரை தலா 300 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. அதைக் கழித்தால் சிலிண்டர் 568.50, எல்லை விலை 4.20. மாதம் நூறு யூனிட்டுக்கு மேல் எரிக்கும் உஜ்வலா குடும்பம் இண்டக்‌ஷன் வாங்க அவசரப்பட வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே பதில்தான், காரணம் வேறு. உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் கணக்குப் பார்க்கும் இடத்தில் ஸ்லாப் (படிப்படியாக ஏறும் கட்டணம்), இலவச நூறு யூனிட் எதுவும் உங்களுக்கு வராது. எட்டு ரூபாய் மின்சாரத்தில் ஒரு சிலிண்டர் வேலையைச் செய்ய 1,080 ரூபாய் ஆகும்.

மறைசெலவுகள் சிறியவை. டெலிவரி செய்பவருக்குக் கொடுக்கும் முப்பது, ஐம்பது ரூபாய் பில்லில் இராது. ஏஜென்சியின் விநியோக எல்லைக்குள் வீடு வரை கொண்டுவரும் கட்டணம் சில்லறை விலையிலேயே அடங்கியது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டும். எடை குறைந்த சிலிண்டர் வந்தால் அது நேரடி நட்டம்: வால்வைச் சுற்றியுள்ள வளையத்தில் காலி எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ கூட்டினால் வரவேண்டிய மொத்த எடை. எடைபோட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கேஸ் சீக்கிரம் தீர்கிறது என்று புலம்பும் வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் சமையல் இல்லை, குளிக்கிற வெந்நீர். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற்ற 32 கிராம் கேஸ் போகும், விலை இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நாலு பேர் தினமும் குளித்தால் மாதம் 3.8 கிலோ. சிலிண்டரில் கால் பங்குக்கு மேல் குளியலறைக்குப் போகிறது! இதையே வாட்டர் ஹீட்டர் ராடில் போட்டால் மாதம் 30 யூனிட், பில்லுக்கு 60 யூனிட். 400-க்குக் கீழே இருக்கும் வீடு எந்த அடுப்பும் வாங்காமலே இதை மட்டும் மின்சாரத்துக்கு மாற்றி மிச்சம் பிடிக்கலாம்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திர அடி கறுத்தால் கேஸ் முழுக்க எரியவில்லை என்று அர்த்தம். பர்னர் மூடியைக் கழற்றி, துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் ஒரு பக்கம் மட்டும் எரியும். கசிவு சந்தேகம் என்றால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல், வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடவேண்டும்.

## இண்டக்‌ஷன் அடுப்பு

சோறு, பருப்பு, பால், டீ, இட்லி, முட்டை, கஞ்சி: தண்ணீர் கொதிக்கிற வேலை எல்லாவற்றிலும் இதை அடிக்க ஆளில்லை. தோசையில்தான் சறுக்கும். இந்த அடுப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சாதாரணமாக 16 முதல் 18 செ.மீ. விட்டம், தோசைக்கல் 28, 30 செ.மீ. இருக்கும். நடு கருகும், ஓரம் வெள்ளையாகவே நிற்கும். 800 வாட்ஸ் அளவில் ஐந்து நிமிடம் மெதுவாகச் சூடேற்றிப் பிறகு ஊற்றினால் ஓரளவு சரியாகும். வார்ப்பிரும்புக் கல்லை எடுத்த எடுப்பில் 2000 வாட்ஸில் வைத்தால் விரிசல் விழலாம். அப்பளம் சுடுவது, கத்தரிக்காய் சுடுவது, சப்பாத்தியை நேர்த்தீயில் உப்பவைப்பது எதுவும் இதில் நடக்காது.

பாத்திரம்தான் பெரிய மறைசெலவு. அடியில் காந்தம் ஒட்டவேண்டும். இரும்பு, காந்தம் பிடிக்கும் எவர்சில்வர் சரி. அலுமினியக் குக்கர், இண்டாலியம் சட்டி, பித்தளை, ஈயச்சொம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து வீட்டுப் பாத்திரங்களை முதலில் சோதியுங்கள். பாதிக்கு மேல் தேறவில்லை என்றால் குக்கர், வாணலி, ஒரு சட்டி என்று அடுப்பு விலைக்கு மேல் செலவு வைக்கும்.

அடுத்தது ஒயரிங். 2000 வாட்ஸ் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் 6 ஆம்பியர் ப்ளக்கில் செருகினால் சாக்கெட் உருகும், சில சமயம் ஸ்விட்ச் பெட்டியே கருகும். 16 ஆம்பியர் பாயிண்ட், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், நல்ல எர்த் மூன்றும் வேண்டும். பழைய வீட்டில் சமையலறைக்கு 1 சதுர மி.மீ. ஒயர் போயிருந்தால் மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் இழுப்பதே பாதுகாப்பு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். கிராமங்களில் மாலை நேரத்து லோ வோல்டேஜில் அடுப்பு எரர் காட்டி நின்றுவிடும், வீட்டு இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது.

பழுது என்று பார்த்தால் மின்னழுத்தம் எகிறி உள்ளே பவர் டிரான்சிஸ்டர் போவது, கரப்பான் புகுந்து ஃபேன் நிற்பது, பொங்கிய பால் பட்டன் பலகைக்குள் இறங்குவது. 2,500 ரூபாய் அடுப்பு நாலு வருடம் உழைத்தால் ஒவ்வொரு பில்லுக்கும் நூறு ரூபாய் தேய்மானம் என்று வையுங்கள். பாத்திரச் செலவுக்கு இன்னொரு ஐம்பது. முன்னே சொன்ன 300 ரூபாய் மிச்சத்தில் கையில் நிற்பது 150. குறைந்த யூனிட் வீட்டுக்கு இது பிடிமானமான லாபம்தான், ஆனால் விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு இல்லை.

மொட்டைமாடியில் சோலார் வைத்திருக்கும் வீடுகளில் நிலைமை வேறு. உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு அனுப்புவதற்குப் பதில் பகல் சமையலில் எரித்துவிடலாம், அங்கே இண்டக்‌ஷனே முதல் தேர்வு.

கடையில் பக்கத்திலேயே இருக்கும் இன்ஃப்ராரெட் அடுப்பு எல்லாப் பாத்திரமும் ஏற்கும். ஆனால் கண்ணாடி முதலில் சூடாகி அப்புறம் பாத்திரம் சூடாவதால் வெப்பத்திறன் 70 சதவீத அளவுக்கு இறங்கும். சிலிண்டருக்குச் சமம் 155 யூனிட், எல்லை விலை 5.60. அலுமினியப் பாத்திரங்களை மாற்ற மனமில்லாதவர்கள் 400 யூனிட்டுக்குள் இருந்தால் யோசிக்கலாம். அணைத்த பிறகும் தட்டு கொதிக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

## குழாய் கேஸ்

சென்னையில் டோரண்ட் கேஸ் போன்ற நிறுவனங்கள் தெருவாரியாகக் குழாய் பதித்து வருகின்றன. உங்கள் தெருவில் வந்திருந்தால் மட்டுமே இந்தப் பகுதி.

இது மீட்டரில் கன மீட்டர் கணக்கில் ஓடும். வெப்பத்தை வைத்துப் பார்த்தால் ஒரு சிலிண்டருக்குச் சமம் சுமார் 18 கன மீட்டர். 868.50-ஐ 18-ஆல் வகுத்தால் 48 ரூபாய் சொச்சம். வரியோடு சேர்ந்த கன மீட்டர் விலை இதற்குக் கீழே இருந்தால் சிலிண்டரைவிட மலிவு. குறைந்தபட்ச பில், மீட்டர் வாடகை என்று ஏதும் உண்டா என்பதையும் கேட்டு, அதையும் சேர்த்தே வகுக்கவேண்டும். தனியாள் குடித்தனத்தில் இந்த நிலைக்கட்டணங்களே லாபத்தைத் தின்றுவிடும்.

குழாய் கேஸ் சுமார் 21 மில்லிபார் அழுத்தத்தில் வரும், சிலிண்டர் ரெகுலேட்டர் கிட்டத்தட்ட 30-ல் தரும். வாயுவும் வேறு. எனவே அடுப்பில் கேஸ் வரும் முனையான ஜெட்டைப் பெரிய துளை உள்ளதாக மாற்றவேண்டும், அதை நிறுவனத்து ஆள் மட்டுமே செய்யவேண்டும். மாற்றாமல் போட்டால் தீ சின்னதாக எரிந்து சமையல் நேரம் நீளும். மாற்றிய அடுப்பில் மறுபடி சிலிண்டரை மாட்டினால் தீ அளவு மீறி எழும், அது ஆபத்து. சொந்த வீடு, சமையல் அதிகம், சிலிண்டரை மூன்றாம் மாடிக்குத் தூக்கவேண்டிய நிலை என்றால் விலை கொஞ்சம் கூடினாலும் இதை எடுக்கலாம். அடிக்கடி வீடு மாறுபவர்கள் வைப்புத்தொகையைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

## விறகு

விலை கொடுத்து வாங்கும் விறகு மலிவு என்பது கணக்கில் நிற்பதில்லை. நன்றாகக் காய்ந்த சவுக்கு, சீமைக்கருவேல விறகில் கிலோவுக்கு நாலு யூனிட்டுக்குச் சற்று மேல் வெப்பம் உண்டு. சாதாரண மூன்று கல் அடுப்பில் அதில் எட்டில் ஒரு பங்குதான் சட்டிக்குள் போகும். ஒரு சிலிண்டர் வேலைக்கு 210 கிலோ விறகு. கிலோ நாலு ரூபாயைத் தாண்டினால் கேஸே குறைவு. புகைபோக்கியுள்ள நல்ல அடுப்பு இந்தத் தேவையைப் பாதியாக்கும். ஈர விறகு எல்லாக் கணக்கையும் கவிழ்க்கும்.

தோட்டத்தில் விழும் தென்னை மட்டையும் பன்னாடையும் காசில்லாமல் கிடைக்கும் வீடுகளில் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் வெளியடுப்பு நிச்சயம் லாபம். உள்ளே, ஜன்னலில்லாத சமையற்கட்டில் தினமும் புகைக்குள் நிற்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அந்த இருமலை எந்த மிச்சமும் ஈடுகட்டாது.

## யாருக்கு எது

| நிலை | முதன்மை | துணை |
|---|---|---|
| பில் 300 யூனிட்டுக்குள், சொந்த மீட்டர் | இண்டக்‌ஷன் | தோசைக்கும் கரண்ட் கட்டுக்கும் கேஸ் |
| 300–450 யூனிட் | கேஸ் | 500-ஐத் தொடாத அளவுக்கு இண்டக்‌ஷன் |
| 450-க்கு மேல், ஏ.சி. வீடு | கேஸ் அல்லது குழாய் கேஸ் | தேவையில்லை |
| உள்மீட்டர் வாடகை வீடு | கேஸ் | தேவையில்லை |
| உஜ்வலா இணைப்பு | கேஸ் | வெந்நீருக்கு வெளியடுப்பு |
| மாடியில் சோலார் | இண்டக்‌ஷன் | கேஸ் |

எந்த வரியிலும் கேஸ் இணைப்பை ஒப்படைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மழைக்காலத்தில் நாலு மணி நேரம் மின்சாரம் போனால் ஹோட்டலில் ஒரு வேளை வாங்கும் செலவு இரண்டு மாத மிச்சத்தைத் தின்றுவிடும். ஹோட்டல்களின் 19 கிலோ வணிக சிலிண்டர் விலை மாதம் பிறந்ததும் மாறுவது, அது ஏறும்போது பார்சல் இட்லி விலையும் கூடவே ஏறும். இறங்கும்போது மட்டும் இட்லி இறங்கியதாக யாரும் பார்த்ததில்லை.

மே, ஜூன் பில்லும் டிசம்பர் பில்லும் ஒன்றல்ல. கோடையில் ஏ.சி. ஓடி 480-ல் நிற்கும் வீடு மார்கழியில் 260-க்கு இறங்கலாம். அந்த வீட்டுக்குக் குளிர்காலத்தில் இண்டக்‌ஷன், கோடையில் கேஸ் என்று மாற்றிமாற்றி ஓட்டுவதே சரி. மின்கட்டணமும் நிலையாக நிற்காது: 2022-ல் வந்த ஆணைப்படி ஆண்டுதோறும் ஜூலை 1-ல், விலைவாசி உயர்வு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அந்த அளவு திருத்தம் உண்டு. வீட்டு இணைப்புகளுக்கான உயர்வைச் சில வருடங்களில் அரசே ஏற்றிருக்கிறது.

வாங்குமுன் செய்யவேண்டியது இவ்வளவுதான். சிலிண்டர் மாட்டும் நாளை அதன் மேலேயே சாக்பீஸில் எழுதி, எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். கடந்த ஆறு மின்பில்களின் யூனிட்டை வரிசையாகக் குறியுங்கள். 60-ஐ சிலிண்டர் வரும் நாட்களால் வகுத்து 135-ஆல் பெருக்கினால் கூடப்போகும் யூனிட் கிடைக்கும். அதை ஒவ்வொரு பில்லோடும் கூட்டி, எத்தனை பில் 500-ஐத் தாண்டுகிறது என்று எண்ணுங்கள். அடுப்பு வாங்கிய பிறகு, ரீடிங் எடுத்த நாளிலிருந்து 45-வது நாள் மீட்டரைப் பாருங்கள். அதுவரை ஓடிய யூனிட் 375-ஐத் தாண்டியிருந்தால் மீதி 15 நாளும் கேஸில் சமைக்கலாம்.